தூண் மெழுகுதிரி சீராக எரிய: சேர்மானமும் திரியும்

வீட்டில் வார்த்த தடித்த மெழுகுதிரி பார்வைக்கு அழகாக இருந்தும் ஏற்றிய பின் ஏமாற்றிவிடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கிறது. சேர்மானத்தை யாரோ சொல்லக் கேட்டுச் சேர்க்கிறோம்; திரியைக் கடையில் கிடைத்தபடி வாங்கிப் போடுகிறோம்; இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதை நினைப்பதில்லை. மெழுகில் எதைச் சேர்த்தாலும் அது உருகும் விதம் மாறும், திரியில் ஏறும் வேகம் மாறும். ஆகவே முதலில் சேர்மானத்தைத் தீர்மானித்து, பின்னர் அந்தக் கலவைக்கு ஏற்ற திரியைத் தேடி, கடைசியில் எரித்துப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் எவ்வளவு விலை உயர்ந்த பொருளைச் சேர்த்தாலும் பயன் இல்லை.

மட்டக்களப்பில் மெழுகுதிரி வார்ப்பவருக்கு இன்னொரு சுமையும் உண்டு. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் என்னும் சூடான காற்று வீசும் காலத்தில் தகரக் கூரையின் கீழ் வைத்த மெழுகுதிரி ஏற்றப்படாமலே தலைசாய்ந்துவிடும். கார்த்திகை, மார்கழியிலோ மழையும் வாடைக் காற்றும் வந்து திரியில் ஈரத்தை ஏற்றும். சுவாலையை ஒரு பக்கம் தள்ளும். நமக்கு மெழுகுதிரி மிகுதியாகத் தேவைப்படுவதும் அந்தக் காலத்தில்தான்: நவம்பர் 2 ஆம் திகதி இறந்தோர் நினைவு நாளில் கல்லறைகளிலும், ஆழிப்பேரலை நினைவு நாளான டிசெம்பர் 26 இல் கல்லடி, நாவலடிக் கடற்கரைகளிலும் ஏற்றப்படுபவை கூரையின் கீழ் எரிவதில்லை. குளிர் நாட்டவர் எழுதிய அளவுகளை அப்படியே பின்பற்றினால் நமக்குச் சரிவராமல் போவது இதனால்தான்.

மெழுகுதிரியில் எரிவது திரி அன்று, மெழுகு. சுவாலையின் வெப்பத்தால் உருகிய மெழுகு, பாடசாலையில் படித்த மயிர்த்துளை எழுகையினால் திரியின் இழைகளுக்கு இடையே மேலேறி, ஆவியாகி எரிகிறது. உருகும் அளவும் திரி உறிஞ்சும் அளவும் ஒத்திருந்தால் சுவாலை அசையாமல் நிற்கும். திரி குறைவாக உறிஞ்சினால் மெழுகுக் குளம் நிரம்பித் திரியை மூழ்கடிக்கும். கூடுதலாக உறிஞ்சினால் எரியாத கரி புகையாக வெளியேறும். கீழே சொல்லப்படும் எல்லாவற்றையும் இந்த ஒரு சமநிலையை மனதில் வைத்தே வாசிக்க வேண்டும்.

மெழுகும் ஸ்டியரிக்கும்

பரபின் மெழுகை வாங்கும்போது உருகுநிலையைக் கேட்டு வாங்குங்கள். போத்தலிலோ கண்ணாடிக் கிண்ணத்திலோ ஊற்றுவதற்கு உருகுநிலை குறைந்த மெழுகு போதும். தானாக நிற்க வேண்டிய தூண் மெழுகுதிரிக்கு 58 பாகை செல்சியஸுக்குக் குறைந்தது வேண்டாம், 60 முதல் 63 வரை உள்ளது கிடைத்தால் நல்லது. உருகுநிலை எழுதப்படாத பாளமாக இருந்தால் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டி, மண்ணெண்ணெய் வாடையும் வந்தால் அது முழுமையாகச் சுத்திகரிக்கப்படாத, எண்ணெய் மிகுந்த மெழுகு. மெழுகுதிரி புகைக்கவும், வியர்க்கவும், வளையவும் அந்த எண்ணெய்தான் காரணமாகும். எந்தச் சேர்மானமும் அதை முழுதாகத் திருத்தாது என்பதால், விலை குறைவென்று அதை வாங்குவதை நான் நிறுத்திவிட்டேன்.

நமது சூழலுக்கு முதன்மையான சேர்மானம் ஸ்டியரிக் அமிலம். பெயரில் அமிலம் இருந்தாலும் அது வெண்ணிறத் துகளாகவோ செதிலாகவோ கிடைக்கும் ஒரு கொழுப்புப் பொருள். பெரும்பாலும் பாம் எண்ணெயிலிருந்தோ விலங்குக் கொழுப்பிலிருந்தோ பெறப்படுவது. 1825 ஆம் ஆண்டில் செவ்ரல், கே-லுசாக் என்னும் இரு பிரெஞ்சு இரசாயனவியலாளர்கள் இதிலிருந்து மெழுகுதிரி செய்வதற்குக் காப்புரிமை பெற்றார்கள்; அதற்கு முன் ஏழைகளின் வீடுகளில் எரிந்த கொழுப்புத் திரிகளின் புகையும் நாற்றமும் இதனால்தான் குறையத் தொடங்கின. தூய ஸ்டியரிக் 69 பாகை அளவில் உருகும். கடையில் கிடைப்பது பாமிற்றிக் அமிலமும் கலந்தது, ஆகவே 55 பாகைக்கு அண்மையிலேயே உருகிவிடும். பரபினை விடக் குறைந்த வெப்பத்தில் உருகும் ஒன்று எவ்வாறு பரபினை உறுதியாக்கும் என்று தொடக்கத்தில் நானும் குழம்பினேன். அது கலவையின் உருகுநிலையை அவ்வளவாக உயர்த்துவதில்லை. மெழுகை விறைப்பாக்கி, அது வளையத் தொடங்கும் வெப்பத்தைத்தான் மேலே தள்ளுகிறது. தனிப் பரபின் உருகுவதற்கு வெகு முன்பே, ஏறக்குறைய 40 பாகையிலேயே, கையில் வளைந்துகொடுக்கும். கச்சான் கால மதியத்தில் தகரக் கூரையின் கீழ் அந்த வெப்பம் எளிதாக வந்துவிடும்.

விறைப்போடு வேறு மூன்று நன்மைகளும் இதனால் கிடைக்கின்றன. மெழுகு பாலின் வெண்மை பெறும். ஆறும்போது சற்றுக் கூடுதலாகச் சுருங்குவதால் அச்சிலிருந்து தட்டாமலே நழுவும். வழிவது குறைந்து எரியும் நேரம் நீளும்.

அளவை எப்போதும் நிறையால் கணக்கிடுங்கள், கரண்டியால் வேண்டாம். செதிலும் தூளும் ஒரே கரண்டியில் ஒரே நிறை கொள்வதில்லை. வழமையான அளவு நூற்றுக்குப் பத்து. 7.5 சென்ரிமீற்றர் விட்டமும் 15 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட ஒரு தூணுக்கு ஏறக்குறைய 600 கிராம் கலவை வேண்டும். அதில் 540 கிராம் பரபின், 60 கிராம் ஸ்டியரிக். ஆறிய பின் மேலே குழி விழும், அதை நிரப்ப இதே விகிதத்தில் இன்னும் 80 கிராமளவு சேர்த்தே உருக்கிக்கொள்ளுங்கள். கச்சான் காலத்தில் விற்கவோ தூர இடத்துக்கு அனுப்பவோ செய்வதாயின் ஸ்டியரிக்கை நூற்றுக்குப் பதினைந்து வரை உயர்த்துகிறேன். நூற்றுக்கு இருபதைத் தாண்ட வேண்டிய தேவை எனக்கு ஏற்பட்டதில்லை.

ஸ்டியரிக்கைக் கையாளும்போது ஒரு கவனம் வேண்டும். செம்பு, பித்தளை ஏனங்களில் அதை உருக்கக் கூடாது. அமிலம் செம்போடு சேர்ந்து மெழுகைப் பச்சையாக்கிவிடும். அம்மம்மாவின் பித்தளைச் சட்டியில் ஒரு முறை உருக்கி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய் வந்தபோது, அடியில் இளம் பாசி நிறம் படிந்திருந்ததைக் கண்டேன். சில்வர் அல்லது அலுமினிய ஏனம் போதும். இறப்பர் அச்சுகளையும் அது நாளடைவில் அரித்துவிடும் என்பதால், இறப்பர் அச்சில் வார்ப்போர் வேறு சேர்மானத்தைத் தேட வேண்டும்.

ஏனைய சேர்மானங்கள்

வைபார் 103 என்ற பெயரில் விற்கப்படும் செயற்கைச் சேர்மானம் ஸ்டியரிக்குக்குப் பதிலாகப் பலர் பயன்படுத்துவது. நூற்றுக்கு அரை முதல் ஒன்றரை வரை போதும். 600 கிராமுக்கு 3 முதல் 9 கிராம். வாசனை எண்ணெயை மெழுகுக்குள் பிடித்துவைப்பதும் மேற்பரப்பில் வரும் புள்ளிகளை மறைப்பதும் அதன் சிறப்பு. கூடிவிட்டால் வாசனையை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கும், எரியும்போதுகூட அது வெளிவராது. வாசனை சேர்க்காத கல்லறைத் திரிக்கும் ஆலயத் திரிக்கும் இதற்குச் செலவழிக்கத் தேவையில்லை.

மைக்ரோகிறிஸ்டலைன் (நுண்படிக) மெழுகு நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை சேர்த்தால் வெடிப்புகள் குறையும், மெழுகு இறுகும். ஆனால் உருகிய மெழுகு தடிப்பாகித் திரியில் ஏறச் சிரமப்படும். சுருக்கம் குறைவதால் அச்சிலும் ஒட்டும். தேன்மெழுகும் இவ்வாறே ஒட்டும் குணமுடையது. அது 62 முதல் 64 பாகையில் உருகுவதால் வெப்பத்துக்கு நல்லது, மணமும் இனியது. காட்டுத்தேன் எடுப்பவர்களிடம் அடையோடு வாங்கினால், வெந்நீரில் உருக்கித் துணியில் இரு முறையேனும் வடித்தெடுங்கள்; மகரந்தத் தூளும் தேன் பசையும் மிஞ்சியிருந்தால் திரி அடைத்துவிடும். நூற்றுக்குப் பத்துக்கு மேல் சேர்க்கும்போது திரியையும் ஒரு படி தடிப்பாக்க வேண்டியிருக்கும்.

எனக்குப் பெரிய பாடம் புகட்டியது பொலிஎத்திலீன் சேர்மானம். மெழுகுக்குப் பளபளப்பும் கடினமும் தரும் சிறு மணிகள் என்று சொல்லி ஒரு கடையில் தந்தார்கள். அளவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஸ்டியரிக்கின் பழக்கத்தில் நானும் தாராளமாக, நூற்றுக்கு மூன்று அளவில் சேர்த்தேன். அச்சிலிருந்து வந்தபோது பீங்கான் போல மின்னியது. அந்த ஆண்டு இறந்தோர் நினைவு நாளன்று எங்கள் குடும்பத்துக் கல்லறைகளுக்கு அவற்றைத்தான் கொண்டுபோனேன். முதல் கால் மணி நேரம் நன்றாக எரிந்தன. பிறகு சுவாலை ஒவ்வொன்றும் நெல்மணி அளவுக்குச் சுருங்கி, பூசை முடிவதற்குள் அணைந்துவிட்டன. அயல் கல்லறைகளில் கடையில் வாங்கிய மெல்லிய திரிகள் எரிந்துகொண்டிருக்க, அம்மாவின் கல்லறை மட்டும் இருட்டில் கிடந்தது. அன்றிரவு ஒன்றை வாளால் நெடுக்காக அறுத்துப் பார்த்தேன். திரியில் பழுதில்லை. அதே திரி சேர்மானமில்லாத மெழுகில் ஒழுங்காக எரிந்ததுதான். உருகிய மெழுகு கஞ்சி போலத் தடித்துத் திரியின் இழைகளுக்குள் ஏற முடியாமல் நின்றதே காரணம். இந்தச் சேர்மானத்தை நூற்றுக்கு அரை அளவில், கூடிப்போனால் ஒன்று என்ற அளவில் மட்டும் சேர்த்து, திரியையும் தடிப்பாக்க வேண்டும். அது 100 பாகையைத் தாண்டிய வெப்பத்திலேயே உருகுவதால் வெந்நீர்ச் சட்டியில் கரையாது. வீட்டு அடுப்பில் அந்த வெப்பத்துக்கு மெழுகைக் கொண்டுபோவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சேர்க்கக் கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் நம் வீடுகளில் எளிதாகக் கிடைப்பது, ஆனால் அது 24 பாகையிலேயே திரவமாகிவிடுவதால் தூண் மெழுகுதிரியைக் களி போலாக்கும். மஞ்சள் தூள், குங்குமம், சந்தனத் தூள், பிள்ளைகளின் மெழுகு வர்ணக் குச்சி ஆகிய எதையும் நிறத்துக்காகச் சேர்க்காதீர்கள். இவை மெழுகில் கரைவதில்லை. திரியோடு மேலே வந்து அதன் துளைகளை அடைத்துக்கொள்ளும். மெழுகில் கரையும் சாயத்தை மட்டும், முதலில் உருகிய ஸ்டியரிக்கில் கரைத்துச் சேருங்கள்.

ஆலயத்தில் சேரும் எரிந்து மிஞ்சிய துண்டுகளை மீண்டும் உருக்குவது நல்ல பழக்கம். மணலும் கரித்திரியும் நீங்கத் தடித்த துணியில் வடித்து, புதிய மெழுகோடு நாலில் ஒரு பங்குக்கு மேற்படாமல் சேருங்கள். அதற்குள் என்ன சேர்மானம் முன்பே இருக்கிறது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

திரி

கோயில் விளக்குக்குத் திரிக்கும் முறுக்குத் திரி தூண் மெழுகுதிரிக்கு ஏற்றதன்று. அது நிமிர்ந்தே நின்று, நுனி எரிந்து தீராமல், கரித் தொப்பியைச் சேர்த்துக்கொண்டு புகைக்கும். பின்னிய திரியோ எரியும்போது ஒரு பக்கம் வளைந்து, சுவாலையின் வெளி விளிம்புக்கு வருகிறது. அங்கே காற்று மிகுதியாகக் கிடைப்பதால் நுனி தானாகவே சாம்பலாகிவிடும். இந்தப் பின்னல் திரியும் 1825 ஆம் ஆண்டளவில் பிரான்சில் கம்பசெரெஸ் என்பவரால் அறிமுகமானதுதான். அதற்கு முன் மெழுகுதிரி ஏற்றிய வீடுகளில் நுனியைக் கத்தரித்துக்கொண்டே இருப்பது ஒரு தனி வேலையாக இருந்தது.

நல்ல திரி கொழும்பிலிருந்து வரவழைக்கக் கிடைக்கும். நான் நூல் வாங்கி நானே பின்னுகிறேன், ஏனெனில் கைத்தறிக்குப் பேர்போன மருதமுனை எங்களுக்கு அதிகத் தூரமில்லை. அங்கே முதல் முறை போனபோது, பளிச்சென்று வெண்மையாக இருந்த நூற்கழி ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கையில் வைத்திருந்தேன். தறியில் இருந்தவர் பார்த்துவிட்டு, “அது கலப்பு நூல் தங்கச்சி, கொளுத்திப் பாருங்க, உருண்டு போகும்” என்றார். அவர் சொன்னது போலவே, தீக்குச்சியைக் காட்டியதும் இழை உருகிச் சுருண்டு கறுத்த மணியாக இறுகியது. அவர் தந்த தனிப் பருத்தி நூலைக் கொளுத்தியபோது கடதாசி எரியும் மணம் வந்து, ஊதினால் பறக்கும் சாம்பல்தான் மிஞ்சியது. இந்தச் சோதனையை ஒவ்வொரு கழியிலும் செய்யுங்கள். பொலியெஸ்டர் கலந்த திரி ஓர் அங்குலம் எரிவதற்குள் அடைத்துவிடும். சாயமிட்ட நூலும் வேண்டாம்.

நெசவு நூலில் கஞ்சிப் பசை ஏற்றப்பட்டிருக்கலாம். ஆகவே பின்னுவதற்கு முன் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, இரண்டு மூன்று முறை அலசுங்கள். கடைசி அலசலுக்கு மழைநீர் நல்லது. சுண்ணாம்புத் தன்மையுள்ள கிணற்று நீரில் அலசினால் நூலில் தங்கும் கல்சியம் ஸ்டியரிக்கோடு சேர்ந்து கரையாத ஒரு சவர்க்காரமாக மாறித் துளைகளை அடைக்கும். பிறகு 250 மில்லிலீற்றர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பையும் இரண்டு மேசைக்கரண்டி வெண்காரத்தையும் கரைத்து, பின்னிய திரியை அதில் ஓர் இரவு ஊறவிடுங்கள். வெண்காரம் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டுப் பெறலாம். சமையலுக்குப் பயன்படும் ஏனத்தில் கரைக்காதீர்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். இவ்வாறு பதப்படுத்திய திரி, சுவாலையை ஊதி அணைத்த பின் தணலாகக் கனன்றுகொண்டிருக்காது, சாம்பலையும் மெழுகுக் குளத்தில் உதிர்க்காது.

காயவைத்தல் இதில் மிக முக்கியம். வெயில் காலத்தில் இரண்டு நாட்கள் கொடியில் கட்டினால் போதும். மாரியில் திரி காய்ந்தது போலத் தோன்றினாலும் உள்ளே ஈரம் இருக்கும். அதற்கு ஒரே பரிகாரம், 75 பாகையில் உருகிய மெழுகில் திரியை முழுதும் அமிழ்த்தி, நுண்ணிய குமிழிகள் எழுவது முற்றாக நிற்கும்வரை வைத்திருப்பதுதான். அந்தக் குமிழிகளோடுதான் காற்றும் ஈரமும் வெளியேறுகின்றன. எடுத்து, நேராக இழுத்து, கடதாசியில் கிடத்தி ஆறவிடுங்கள். எரியும்போது “பட்பட்” என்று தெறிக்கும் மெழுகுதிரிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேலையைத் தவிர்த்தவை. மிஞ்சியவை, உருக்கும்போது நீர்த்துளி விழுந்தவை.

தடிப்பைப் பற்றிப் பொதுவான ஓர் எண்ணைச் சொல்ல இயலாது, ஏனெனில் நூலின் இலக்கம் ஆளுக்காள் மாறும். உங்கள் நூலில் 15, 18, 21, 24 இழைகள் என நான்கு பின்னல்களைப் பின்னி, ஒரே உருக்கில் வார்த்த நான்கு மெழுகுதிரிகளில் வைத்து ஒப்பிடுங்கள். கடைத் திரியானால், தூணுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது சதுரப் பின்னல். மெழுகுதிரியை நிமிர்த்தி ஏற்றும்போது பின்னலின் கீற்றுகள் விரித்துப்பிடித்த கவர் போல மேல்நோக்கித் திறந்திருக்கும்படி அதை அச்சில் பூட்டுங்கள்.

உருக்கி வார்த்தல்

மெழுகு ஏனத்தை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. கொதிநீர் உள்ள பெரிய சட்டிக்குள், அடியில் ஒரு வளையமோ கல்லோ வைத்து, அதன் மேல் வையுங்கள். கொதிநீர் 100 பாகையைத் தாண்டாது. பரபினின் ஆவி ஏறக்குறைய 200 பாகையில் தீப்பற்றும். இந்த இடைவெளிதான் உங்கள் பாதுகாப்பு. விறகு அடுப்பில் சுவாலை ஏனத்தின் விளிம்பை நக்கும் என்பதால் எரிவாயு அடுப்பு அல்லது மின்னடுப்பே நல்லது. எப்படியோ தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது தீயை வெடித்துச் சிதறச்செய்யும். அடுப்பை அணைத்து, பொருந்தும் மூடியால் மூடிவிடுங்கள். அந்த மூடியை உருக்கத் தொடங்கும் முன்பே கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் ஸ்டியரிக்கை உருக்கி, சாயம் இருந்தால் அதில் கரைத்து, பின்னர் பரபினைத் துண்டு துண்டாகச் சேருங்கள். வாசனை எண்ணெய் நூற்றுக்கு மூன்று முதல் ஆறு வரை, வார்ப்பதற்குச் சற்று முன் மட்டும். அச்சுக்கு அலுமினியக் குழாயோ பொருத்தில்லாத தகரப் பேணியோ நல்லது. வளைவு வரிகள் உள்ள ரின்மீன் பேணியிலிருந்து மெழுகுதிரி வராது. பிவிசி குழாய் இந்தச் சூட்டில் இளகி நெளிந்துவிடுகிறது. அச்சின் அடித் துளை வழியே திரியைக் கோத்து, வெளியே களிமண்ணோ பிசினோ அப்பி அடைத்து, மேலே ஒரு குச்சியில் நடுவில் நிற்கும்படி இறுக்கிக் கட்டுங்கள். திரி ஐந்து மில்லிமீற்றர் விலகினாலும் ஒரு பக்கச் சுவர் முன்னதாக உருகி, குளம் வழிந்து ஓடிவிடும். அச்சின் அடிப்பக்கமே மெழுகுதிரியின் தலைப்பக்கமாகும்.

அச்சை வெயிலில் வைத்துச் சூடாக்கி, 80 பாகை அளவில், சரித்துப் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் மேலே ஏடு படியும். அப்போது பழைய குடைக் கம்பியால் திரியை ஒட்டி மூன்று நான்கு இடங்களில் ஆழக் குத்திவிட வேண்டும். பரபின் இறுகும்போது பத்தில் ஒரு பங்களவு சுருங்கும். குத்தாவிட்டால் அந்த வெற்றிடம் திரியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத குகையாக ஒளிந்திருந்து, பாதி எரிந்த நிலையில் மெழுகுக் குளத்தை உள்ளே விழுங்கிவிடும். நன்கு ஆறியதும், முதலில் ஊற்றியதைவிட மூன்று நான்கு பாகை கூடுதலான சூட்டில், முதல் மட்டத்தைத் தாண்டாமல் குழியை நிரப்புங்கள். தாண்டினால் அச்சுக்கும் மெழுகுக்கும் இடையில் இறங்கி ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் வெப்பத்தில் இறுகுவதற்கு ஓர் இரவு முழுதும் வேண்டும். அவசரப்பட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் உள்ளே வெடிப்புகள் ஓடும்.

எரித்துப் பார்த்தல்

வார்த்து இரண்டு நாட்கள் கழித்தே சோதியுங்கள். திரியை ஆறு மில்லிமீற்றருக்கு நறுக்கி, மெழுகுதிரியை நிறுத்துக் குறித்துக்கொண்டு, காற்றில்லாத அறையில் ஏற்றி நான்கு மணி நேரம் எரியவிடுங்கள். விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு, ஆகவே 7.5 சென்ரிமீற்றர் தூணில் மூன்று மணி நேரத்தில் மெழுகுக் குளம் விரிந்து முடிந்திருக்க வேண்டும். குளத்துக்கும் வெளி விளிம்புக்கும் இடையில் சிறுவிரல் நகத்தளவு சுவர் நிற்பதும், குளம் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் ஆழாமல் இருப்பதும், சுவாலை துள்ளாமல் நிற்பதும் நல்ல திரியின் அடையாளங்கள். அணைத்து, ஆறிய பின் மீண்டும் நிறுத்தால் எத்தனை கிராம் எரிந்தது என்பது தெரியும். என் நல்ல தூண்களில் மணிக்கு ஆறு ஏழு கிராம் குறைகிறது.

2022 ஆம் ஆண்டில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்களில்தான் இந்தக் கணக்கை நான் ஒழுங்காக எழுதத் தொடங்கினேன். இருட்டில் எரியவிட்டு அருகில் இருப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. பிள்ளைகளின் பழைய கொப்பியில் கலவை, இழை எண்ணிக்கை, நிறை, ஒவ்வொரு மணிக்கும் குளத்தின் அகலம் ஆகியவற்றைக் குறித்தேன். அதிலிருந்து தெரிந்தது இதுதான்: ஸ்டியரிக்கை நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்துக்கு உயர்த்தியபோது 18 இழைத் திரி இரண்டாவது மணியில் சோர்ந்தது, 21 இழை சரியாக எரிந்தது. சேர்மானத்தில் தவறில்லை, திரியிலும் தவறில்லை. இரண்டும் பொருந்தவில்லை, அவ்வளவே. ஒரு முறையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பயன் தந்தது என்று கண்டறிய வழியில்லை.

சுவாலை சிறுத்து, திரியைச் சுற்றி மட்டும் கிணறு போலக் குழி இறங்கினால் முதலில் திரியை ஒரு படி தடிப்பாக்குங்கள். அப்போதும் மாறாவிட்டால் சேர்மானத்தைக் குறையுங்கள். சுவாலை உயர்ந்து கரும்புகை விட்டு, நுனியில் காளான் போலக் கரி திரண்டால் திரியை ஒரு படி மெலிதாக்குங்கள், அல்லது வாசனை எண்ணெயைக் குறையுங்கள். சுவர் இடிந்து மெழுகு ஓடினால் திரி தடிப்பா, நடுவிலகியதா, காற்றடித்ததா என்று மூன்றையும் பாருங்கள். வாடைக் காற்றில் கடற்கரையிலும் கல்லறையிலும் எரிய வேண்டியவற்றுக்கு எந்தக் கலவையும் தனியே போதாது. அடியில் காற்றுப் புகும் வழி விட்டு, அகன்ற கண்ணாடிக் குழலால் மறைப்புக் கொடுக்க வேண்டும்.

முதல் முறை ஏற்றும்போது குளம் விரியுமுன் அணைத்துவிட்டால், அடுத்த முறையும் அதே குழிக்குள்தான் சுவாலை இறங்கும் என்பதை மெழுகுதிரியைப் பெறுபவருக்கும் சொல்லி அனுப்புங்கள். ஆயித்தியமலை மாதா திருவிழாவுக்குக் கொண்டுபோகச் சொல்லி வாங்குபவர்களிடம், முச்சக்கர வண்டியின் பின்புறத்தில் வெயில் படும்படி வைக்க வேண்டாம் என்பதையும் நான் சேர்த்துச் சொல்வதுண்டு. வீட்டில் சேமிப்பதற்குச் சிறந்த இடம் சீமெந்துத் தரைதான். கடதாசியில் சுற்றி, நிறுத்தாமல் கிடத்தி வைத்தால், கச்சான் காலம் முடியும்வரை நேராகவே இருக்கும்.